கார் சாக்கெட்டில் கம்ப்ரசர் மாட்டும்போது ஃபியூஸ் போகிறதா? ஃபியூஸைப் பெரிதாக்காதீர்கள்

உச்சிப்புளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய ஹேட்ச்பேக் கார் ஒன்று வாங்கியிருக்கிறார். ராமேஸ்வரத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் தினசரி ஓட்டம். வழியில் காற்று பிடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்றும் வாங்கினார். அதன் பெட்டியில் 150 வாட் என்று இருக்கிறது. கார் சாக்கெட்டின் மூடியில் 12 வோல்ட், 120 வாட் என்று இருக்கிறது. முதல் டயருக்கு ஒழுங்காகக் காற்று ஏறியது. இரண்டாவது டயரில் பாதியிலேயே நின்றுவிட்டது. ஃபியூஸ் டப்பாவைத் திறந்து பார்த்தால் சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு சாக்கெட்டில் போனும் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. "20 ஆம்பியர் போடு, போகாது" என்கிறார் ஒருவர். "12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் வாங்கு" என்கிறார் இன்னொருவர். "பேட்டரியிலேயே நேராகக் கொடு" என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் தம்பியின் கேள்வி.

மூன்றாமவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அதையும் முறையாகச் செய்ய வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். முதலாமவர் சொன்னதை மட்டும் எந்த அவசரத்திலும் செய்துவிடாதீர்கள் தம்பி. காரே எரிந்துபோகக்கூடிய யோசனை அது.

முதலில், முதல் டயருக்குத் தாங்கிய ஃபியூஸ் இரண்டாவது டயரில் ஏன் போனது என்று பார்ப்போம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 150-ஐ 12-ஆல் வகுத்தால் 12.5 ஆம்பியர். உங்கள் சாக்கெட் 120 வாட், அதாவது 10 ஆம்பியர். ஆக, கம்ப்ரசர் தொடக்கத்திலிருந்தே சாக்கெட்டின் அளவைத் தாண்டித்தான் இழுத்திருக்கிறது. போனை வேகமாக ஏற்றும் சார்ஜர் 18, 20 வாட் எடுக்கும். அது இன்னொரு ஒன்றரை ஆம்பியருக்கு மேல். பல கார்களில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சாக்கெட் இருந்தாலும் உள்ளே இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். இரண்டையும் கூட்டினால் 14 ஆம்பியர் வந்துவிட்டது.

10 ஆம்பியர் ஃபியூஸ் 14 ஆம்பியரில் உடனே போக வேண்டாமா என்று தோன்றும். போகாது. காரில் இருக்கும் தட்டை ஃபியூஸ்களின் தரவரையறையே அப்படித்தான். எழுதியிருக்கும் அளவில் 110 சதவீதம் ஓடினால் அது மணிக்கணக்கில் தாங்க வேண்டும். 135 சதவீதம் ஓடினால் முக்கால் நொடியிலிருந்து 10 நிமிடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். இரண்டு மடங்கு ஓடினால் 5 நொடிக்குள் போய்விட வேண்டும். உங்களுடையது ஏறத்தாழ 140 சதவீதம். அதனால்தான் முதல் டயர் முடியும்வரை தாக்குப்பிடித்து, இரண்டாவதில் போயிருக்கிறது. ஃபியூஸ் கெட்ட சரக்கு இல்லை. சரியாக வேலை செய்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுற்றத் தொடங்கும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மணலில் கிடக்கும் வல்லத்தைத் தள்ளும்போது முதல் அசைவுக்குத்தானே எல்லோருடைய தோளும் வேண்டியிருக்கிறது, அதுபோல. வெறும் டயரில் தொடங்கினால் இந்த முதல் இழுப்பு சட்டென்று அடங்கிவிடும். ஏற்கெனவே 26, 28 பிஎஸ்ஐ காற்றழுத்தம் இருக்கும் டயரில் குழாயைப் பூட்டிவிட்டு அதன் பிறகு சுவிட்சைப் போட்டால், பிஸ்டன் அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் முதல் சுற்றே சுற்ற வேண்டும். இழுப்பு கூடும், நேரமும் கூடும். உங்கள் குழாயின் முனை திருகும் வகையாக இல்லாமல் நெம்புகோல் வகையாக இருந்தால், முதலில் மோட்டாரை ஓடவிட்டு, பிறகு முனையை டயர் மவுத்தில் அழுத்திப் பூட்டுங்கள். திருகும் வகை என்றால் இரண்டு மூன்று சுற்றுத் திருகிவிட்டு சுவிட்சைப் போட்டு, மீதியை முறுக்கலாம். கொஞ்சம் காற்று சீறும். பரவாயில்லை.

இப்போது 20 ஆம்பியர் ஃபியூஸ் விஷயம். நிறையப் பேர் ஃபியூஸ் கம்ப்ரசரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது வயரை. ஃபியூஸ் டப்பாவிலிருந்து டேஷ்போர்டின் உள்ளே, பிளாஸ்டிக்குக்கும் தரை விரிப்புக்கும் நடுவே போய் சாக்கெட்டில் முடிகிற அந்த வயர் எவ்வளவு தாங்குமோ, அதைப் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் ஃபியூஸின் அளவைத் தீர்மானித்திருக்கிறான். 10 ஆம்பியருக்கு என்று போட்ட வயரில் 20 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினால், 18 ஆம்பியர் ஓடினாலும் ஃபியூஸ் அசையாது. வயர் சூடாகும், மேலுறை இளகும், பக்கத்து வயரோடு ஒட்டும். டேஷ்போர்டுக்குள்ளே நடப்பதால் நம் கண்ணுக்கும் தெரியாது. புகை வெளியே வரும்போது காரியம் கையை மீறியிருக்கும். சிகரெட் அட்டையின் வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிச் செருகுவது, செம்புக் கம்பியை இரண்டு காலிலும் முறுக்கி வைப்பது எல்லாம் இதைவிட மோசம். அங்கே ஃபியூஸே இல்லை என்றுதான் பொருள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஃபியூஸ் டப்பா மூடியின் உட்பக்கத்தில் படம் ஒட்டியிருக்கும், கார் புத்தகத்திலும் இருக்கும். சாக்கெட்டுக்கு 15 ஆம்பியர் என்று அதில் போட்டிருந்து, முன்பு வைத்திருந்தவர் கையில் கிடைத்த 10-ஐச் செருகியிருந்தால், நீங்கள் 15 போடலாம். அது நீல நிறம். அதற்கு மேல் வேண்டாம். சாக்கெட் மூடியில் 120 வாட் என்றும் ஃபியூஸ் 15 என்றும் இருக்கும் கார்கள் பல உண்டு. அப்போது இரண்டில் சிறியது எதுவோ அதையே கணக்கில் எடுங்கள். மூடியில் இருப்பது சாக்கெட் தாங்கும் அளவு, ஃபியூஸில் இருப்பது வயர் தாங்கும் அளவு. சாக்கெட்டும் வயரும் ஒரே வழியில் இருப்பவை.

தொடர்ந்து சில நிமிடம் ஓடும் சாமானுக்கு ஃபியூஸ் எண்ணில் முக்கால் பங்குக்குள் இருப்பது நல்லது. 15 ஆம்பியர் ஃபியூஸில் 11 ஆம்பியர் வரை நிம்மதியாக ஓட்டலாம். கம்ப்ரசர் வாங்கும்போது பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள். அடியில் அல்லது ஸ்டிக்கரில் அதிகபட்ச ஆம்பியர் எவ்வளவு என்று சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். வயரின் முனையில் இருக்கும் பிளக்கின் மூக்கைத் திருகினால் உள்ளே ஒரு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். அதில் 15 என்று இருந்தால், அந்தக் கம்ப்ரசர் 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கானது இல்லை என்று அப்போதே தெரிந்துவிடும்.

இனி நம் கரைக்கென்று இருக்கிற பெரிய தொல்லைக்கு வருகிறேன். உப்பு. ஆம்பியர் கணக்கு எல்லாம் சரியாக இருந்தும் சாக்கெட் உருகிய கார்களை ராமேஸ்வரம் தீவிலும் மண்டபத்திலும் கீழக்கரையிலும் நிறையப் பார்க்கலாம். கடல் காற்று படும் இடத்தில் கண்ணாடியைத் திறந்துவிட்டு ஓட்டுகிறோம். சாக்கெட்டின் மூடி தொலைந்து வாய் திறந்தே கிடக்கிறது. உள்ளே நடுவில் இருக்கும் பித்தளைப் புள்ளியிலும் சுற்றுச் சுவரிலும் மெல்லிய பச்சைக் களிம்பு படிகிறது. அந்தக் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். தடை எவ்வளவு இருந்தால் ஆபத்து? ஓம் கணக்கில் பத்தில் ஒரு பங்கு போதும். 10 ஆம்பியர் ஓடும்போது அந்தப் பத்தில் ஒரு பங்கு ஓமில் 1 வோல்ட் வீணாகும், 10 வாட் வெப்பம் அந்தச் சின்னப் பித்தளை முனையிலேயே பிறக்கும். சில நிமிடத்தில் பிளக்கின் மூக்கு தொட முடியாமல் சுடும். சூட்டில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரும். தளர்ந்தால் தொடர்பு இன்னும் கெடும். அடுத்த முறை இன்னும் சுடும். இப்படியே போய்ப் பிளாஸ்டிக் இளகி, பிளக் சாக்கெட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஃபியூஸ் இதைக் கண்டுகொள்ளாது என்பது. ஓடும் ஆம்பியர் கூடவில்லையே, அது ஏன் போகும்? அதனால் கையால்தான் சோதிக்க வேண்டும். கம்ப்ரசர் இரண்டு நிமிடம் ஓடியதும் நிறுத்திவிட்டு, பிளக்கைப் பிடித்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த சாக்கெட்டில் அன்றைக்கு மேற்கொண்டு ஓட்டாதீர்கள். பிளக்கை ஆட்டினால் மோட்டார் சத்தம் ஏறி இறங்குகிறதா? அதுவும் அதே நோய்தான். பழைய கார்களில் உண்மையான சிகரெட் லைட்டர் சாக்கெட் இருக்கும். அதன் அடியில் லைட்டரைக் கவ்வ இரண்டு வளைந்த தகடுகள் இருக்கும். அவை லைட்டருக்காகச் செய்தவை, பிளக்கை இறுக்கமாகப் பிடிப்பதில்லை. மின்சாரத்துக்கென்றே செய்த சாக்கெட் காரில் இன்னொன்று இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

சுத்தம் செய்வது எளிது. ஆனால் சாவியை அணைத்துவிட்டு, அந்த ஃபியூஸையும் பிடுங்கி வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். ஏனென்றால் நடுப்புள்ளி பிளஸ், சுவர் எர்த். ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டால் இரண்டும் முட்டி ஷார்ட் ஆகும். ஐஸ்குச்சி மாதிரி மரக்குச்சியின் நுனியில் பழைய எமரித் தாள் துண்டைச் சுற்றி லேசாகத் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, காய்ந்த துணியால் துடையுங்கள். தேங்காயெண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீர்கள். ஒரு மூடி வாங்கி மாட்டுங்கள். சில்லறைக் காசு சாக்கெட்டுக்குள் விழுந்து ஃபியூஸ் போவதும் அதோடு நிற்கும்.

இன்ஜின் ஓட வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஓடட்டும். நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் இருக்கும், சுமை ஏறியதும் 12-க்கு இறங்கும். இன்ஜின் ஓடினால் டைனமோ 13.5 முதல் 14.5 வரை தரும். மோட்டார் வேகமாகச் சுற்றும், வேலை சீக்கிரம் முடியும். வோல்ட் குறைந்தால் மோட்டார் பாவம், மெதுவாக ஓடுமே தவிர ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. டயரில் அழுத்தம் ஏற ஏற மோட்டாருக்குப் பளு கூடும். வோல்ட் போதாமல் மோட்டார் திணறி நின்றுவிட்டால், தொடங்கும் நொடியில் இழுக்குமே அந்தப் பெரிய ஆம்பியர், அதை நின்ற இடத்திலேயே இழுத்துக்கொண்டிருக்கும். மோட்டாரின் கம்பிச் சுருள் வெந்துபோவது அப்படித்தான். உறுமல் சத்தம் மட்டும் வந்து பிஸ்டன் தட்டும் சத்தம் வரவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

அதே சமயம், இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு டயருக்குக் காற்றடித்தால் பேட்டரி இறந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். 12.5 ஆம்பியரை 5 நிமிடம் ஓட்டினால் செலவு சுமார் 1 ஆம்பியர்-மணி, அதாவது 1 ஆம்பியரை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. நல்ல பேட்டரிக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் நம் ஊர் வெயிலில் பேட்டரிகள் சீக்கிரம் தளர்கின்றன. காலையில் செல்ஃப் அடிக்கும்போது இழுத்து இழுத்து எடுக்கிற வண்டி என்றால், தனுஷ்கோடி அரிச்சல்முனையில் போய் அந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். 2017-இல் திறந்த அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் கடல்தான். தள்ளிவிட ஆள் கிடைப்பார்கள், பேட்டரிக் கடை கிடைக்காது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மூடிய ஷெட்டுக்குள், லாட்ஜின் அடித்தள பார்க்கிங்கில் இன்ஜினை ஓடவிட்டுக் காற்றடிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வண்டியை வெளியே எடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

வரிசையும் முக்கியம். முதலில் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்கள். பிறகு கம்ப்ரசரின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள். அதன் பிறகு சுவிட்ச். செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் சட்டென்று விழுந்து எழும். அந்த நேரத்தில் மோட்டார் இணைப்பில் இருக்க வேண்டாம். முடிக்கும்போது சுவிட்சை அணைத்து, குழாயைக் கழற்றி, கடைசியில் பிளக். ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறந்து அந்தப் பித்தளை முனை கருகும். சிக்னலில் நின்றால் தானாக அணையும் இன்ஜின் உள்ள புதிய கார்களில் அந்த வசதியைப் பட்டனை அழுத்தி நிறுத்திவையுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் வண்டியை ஓட்டத் தயார் நிலையில் வைக்க வேண்டும். அப்போதுதான் பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் வந்துகொண்டிருக்கும். ஸ்டெப்னியே தராத மின்சாரக் கார்கள் இருப்பதால் அவர்களுக்குத்தான் கம்ப்ரசர் இன்னும் அவசியம்.

இனி, தம்பி, உங்கள் 150 வாட் கம்ப்ரசருக்கு வழி. அதைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு முனையில் இரண்டு முதலைக் கிளிப், மறுமுனையில் பிளக்கை உள்ளே வாங்கும் பெண் சாக்கெட் உள்ள வயர் ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். கம்ப்ரசரின் பிளக்கை வெட்டாமலே அதில் செருகிக்கொள்ளலாம். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பிளஸ் கிளிப்பை ஒட்டி ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும், 15 ஆம்பியர் போதும். சாக்கெட் பிளக்கை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ஃபியூஸ் ஏன் கிளிப்பை ஒட்டியே இருக்க வேண்டும் என்றால், அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. பேட்டரி நேராக ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொட்டும். ஃபியூஸ் இல்லாத கிளிப் வயரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

மாட்டும் முறை இது. சிவப்புக் கிளிப்பைப் பேட்டரியின் பிளஸ்ஸில் முதலில். கறுப்பை, பேட்டரியிலிருந்து சற்றுத் தள்ளி, பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பிலோ எர்த் போல்ட்டிலோ. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம், அதன் மேலேயே பொறி பறக்க வேண்டாம் என்பதற்காகத்தான் தள்ளி மாட்டுவது. கழற்றும்போது கறுப்பு முதலில். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், பெல்ட்டும் ஃபேனும் பக்கத்தில் சுற்றும். ரேடியேட்டர் ஃபேன் நின்றிருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் தானாக ஓடும். வயரை ஃபெண்டர் ஓரமாக வெளியே எடுங்கள். துப்பட்டா, துண்டு, லுங்கி நுனி எதுவும் அங்கே தொங்கக் கூடாது.

பின் டயருக்கு எட்டவில்லை என்று கையில் கிடைத்த மெல்லிய வயரை இணைப்பவர்கள் உண்டு. வீட்டில் 230 வோல்ட்டில் அது ஓடும். 12 வோல்ட்டில் ஓடாது. 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 மீட்டர் நீட்டினால், போக வர 10 மீட்டர், 10 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட இரண்டரை வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டாருக்குப் போவது 10 வோல்ட்தான். அதே நீளத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் முக்கால் வோல்ட்தான் இழப்பு. அதைவிட நல்லது மின்வயரை விட்டுவிட்டு காற்றுக் குழாயை நீட்டுவது. காற்றுக் குழாயில் வோல்ட் குறைவதில்லை. எப்படி இருந்தாலும் வயரைக் கதவிடுக்கில் நசுக்காமல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி அதன் வழியாக எடுங்கள்.

இன்வெர்ட்டர் யோசனையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சாக்கெட்டில் செருகும் 150 வாட் இன்வெர்ட்டரும் அதே சாக்கெட்டிலிருந்துதான் எடுக்கிறது, மாற்றும்போது கொஞ்சத்தை வீணாக்குகிறது. மோட்டாரின் முதல் இழுப்பைத் தாங்காமல் அணைந்துவிடும். காசுக்குக் கேடு. யுஎஸ்பி முனை இன்னும் சிறியது. 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், மொத்தம் 10 வாட். பேட்டரி உள்ளே வைத்த கையடக்கக் கம்ப்ரசரைச் சார்ஜ் செய்ய அது போதும், நேராக ஓட்டப் போதாது. ஒன்றை மூன்றாக்கும் பல்வழி சாக்கெட்டில் கம்ப்ரசரைச் செருகவே செருகாதீர்கள். ஸ்கூட்டி, பைக் பேட்டரி 4, 5 ஆம்பியர்-மணிதான். அதில் கார் கம்ப்ரசரைக் கிளிப் போட்டு ஓட்டக் கூடாது.

மீன் ஏற்றும் பெரிய லாரிகளை ஓட்டும் சகோதரர்கள் இந்தக் கரையில் அதிகம். அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெரிய லாரியும் பஸ்ஸும் பெரும்பாலும் 24 வோல்ட். சாக்கெட்டின் வாய் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், 12 வோல்ட் பிளக் உள்ளே போய்விடும். கம்ப்ரசர் சில நொடி பேய் வேகத்தில் ஓடி, கருகிய வாசனையோடு நிற்கும். லாரிக்காரர் உதவ வந்தால் அவருடைய சாக்கெட்டைக் கேட்காதீர்கள். பிரேக்குக்காக வைத்திருக்கும் காற்று டாங்க்கிலிருந்து குழாய் எடுத்துக் காற்று தர முடியுமா என்று கேளுங்கள்.

கம்ப்ரசரை எங்கே வைப்பது என்பதும் மின்சாரத்தோடு சேர்ந்த விஷயம்தான். ஆடிக் காற்றில் தனுஷ்கோடிச் சாலையில் மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். தரையில் வைத்தால் கம்ப்ரசர் அந்த மணலைத்தான் உறிஞ்சும். உள்ளே எண்ணெய் இல்லாத பிஸ்டன், மணல் போனால் சிலிண்டர் கீறி, உரசல் கூடி, அதே அழுத்தத்துக்கு அதிக ஆம்பியர் இழுக்கும். காற்றுக்கு மறைவான பக்கத்தில், கார் மேட்டை விரித்து அதன் மேல் வையுங்கள். பகல் 12 மணித் தாரில் நேராக வைக்காதீர்கள். சிறிய கம்ப்ரசர்களில் பல 10 நிமிடம் ஓடினால் அதே அளவு ஓய்வு கேட்பவை. உங்களுடையதன் தாளில் எவ்வளவு என்று பாருங்கள். குழாயின் பித்தளை முனை கையைச் சுட்டுவிடும், துணியால் பிடியுங்கள். பேட்டரி வைத்த கையடக்க வகையை மூடிய காரின் டேஷ்போர்டில் வெயிலில் விடாதீர்கள். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, மூடிய கார் அதைச் சுலபமாகத் தாண்டும்.

மணலில் சிக்கியவர்கள் டயர் காற்றை 18, 20 பிஎஸ்ஐக்கு இறக்கி வெளியே வருவார்கள். அதன் பிறகு நான்கு டயரையும் 33-க்கு ஏற்றாமல் தாரில் வேகம் எடுத்தால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். கம்ப்ரசருக்கும் சாக்கெட்டுக்கும் மிகக் கடினமான வேலை இந்த நான்கு டயர் வேலைதான். இரண்டு டயர் முடிந்ததும் பத்து நிமிடம் நிறுத்துங்கள். இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். கடற்கரை மணலில் வண்டியை இறக்காமல் இருந்தால் இந்த வேலையே இல்லை. கடலாமை கரையேறி முட்டையிடும் மணல் அது.

நம் பக்கம் காற்று இறங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் சீமைக் கருவேல முள். கரிமூட்டத்துக்குப் போகும் விறகு வண்டியிலிருந்து கிளை விழுந்திருக்கும். முள் டயருக்குள் ஒடிந்து நின்று, காற்று மெதுவாக இறங்கி, காலையில் 20-இல் நிற்கும். டியூப்லெஸ் டயர் என்றால் முள்ளைப் பிடுங்காதீர்கள். காற்றடித்துவிட்டு நேராகப் பஞ்சர் கடைக்குப் போங்கள். பாம்பன் பாலத்தின் மேல் போகும்போது காற்று இறங்கினால், கொஞ்சமாவது காற்று இருக்கும்வரை விளக்குகளை மினுக்கியபடி மெதுவாகப் பாலத்தைக் கடந்துவிட்டு நில்லுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தப் பாலத்தின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்து காற்றடிப்பது உயிருக்கு ஆபத்து. காற்று எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவின் தூணில் ஒட்டியிருக்கும். ஆறிய டயருக்கான எண் அது. ஓடிச் சூடான டயர் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைக் குறைக்காதீர்கள்.

தம்பி, உங்களுடையது கை மாறி வந்த கார் என்பதால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். மூடியின் படத்தை வைத்துக்கொண்டு டப்பாவில் உள்ள எல்லா ஃபியூஸையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமில்லாதது 25, பச்சை 30. படத்தில் 10 என்று இருக்கும் இடத்தில் பச்சையோ, கம்பி சுற்றியதோ இருந்தால் அதை எடுத்துவிட்டுச் சரியானதைப் போடுங்கள். அதன் பிறகும் அது போனால், அந்த வழியில் எங்கோ வயர் உரசுகிறது. ராமநாதபுரத்திலேயே நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அந்த சாக்கெட்டில் வேறு எதையும் செருகுவதற்கு முன் அவர்களிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.